மூன்றாம் நாள் போன்

மார்ச் 4

தம்பிக்கு,

பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு கையெழுத்து வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைக்கூட என்னிடம் சொல்லவில்லை, மாமாவிடம்தான் சொன்னாய். போனில் பேசப் பிடிக்கவில்லை, கடிதம் என்றால் பதில் போடுவேன் என்றும் அவரிடமே சொன்னாயாம். சரி துரை, கடிதமே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஜனவரியில் நம் கடைக்கு நேர் எதிரே பெரிய மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்று வந்துவிட்டது. இரண்டு மாடி. உள்ளே போனால் குளிர்கிறது. ஒரு கண்ணாடி வாங்கினால் இன்னொன்று இலவசம், காப்பி வேறு. நானும் மாமாவும் இங்கே ஈ ஓட்டுகிறோம். ஈக்களும் சீக்கிரம் எதிர்ப்பக்கம் போய்விடும், குளிராக இருக்கிறதே. நேற்று பஸ் டிரைவர் நம் வாசலைத் தாண்டும்போது கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். வியர்வையெல்லாம் ஒன்றுமில்லை. மூக்கில் எதிர்க்கடைக் கண்ணாடி. பதினோரு வருஷ வாடிக்கை.

அந்தக் கடை மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். நம் கடையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். நம் பலகையைக் கழற்றிவிட்டு அவர்கள் பலகையை மாட்டுவார்களாம். நான் சீருடை போட்டுக்கொண்டு சம்பளத்துக்கு உட்காரலாம். மாமாவுக்கு வேலை கிடையாது, லென்ஸெல்லாம் தேய்த்தே வந்துவிடுமாம். கண்ணாடி கொடுத்த மூன்றாம் நாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "எப்படி இருக்கு, எங்கேயாவது அழுத்துதா?" என்று நாம் கேட்கிற பழக்கத்தைச் சொன்னேன். "இந்தக் காலத்துல யாரும்மா போன் பண்ணிக் கேட்டுட்டு இருக்காங்க?" என்று சிரித்தார். ஜூன் முப்பதுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அப்பா கடையை நம் இருவர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுப் போனதால் உன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. தாள்களை இதோடு வைத்திருக்கிறேன். மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை. வாயைத் திறந்து சொன்னால்தானே? மூன்று நாளாக லென்ஸ் தேய்க்கிற மெஷினைச் சும்மாவே ஓட்டிக்கொண்டிருக்கிறார். என் இஷ்டம் இருக்கட்டும். நீ போட்டு அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

உன் கடைசி வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். சாப்பிடுகிறேன். நேரத்துக்கு என்று சத்தியம் செய்ய முடியாது.

போன் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்கிறேன். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் உதவி எண்ணில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே கூடத்தில் இருநூறு நாற்காலி. காலையில் ஹெட்போனைக் காதில் மாட்டினால் எண்பது பேரிடம் பேசிய பிறகுதான் கழற்றுவேன். ஒருவரிடம் ஐந்து நிமிஷம்தான் பேசலாம். திரையின் மூலையில் கடிகாரம் ஓடும். ஐந்தைத் தாண்டினால் சிவப்பாகும், சிவப்பானால் சூப்பர்வைசர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். போன மாதம் மாமா கூப்பிட்டபோது என்னை அறியாமல், "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றேன். அவர் பாவம், "பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கையெழுத்து விஷயம். பேனாவை எடுத்தேன், மை வரவில்லை. விடுதியில் பக்கத்துக் கட்டில்காரனிடம் நல்ல பேனா இருந்தது. அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஜூன் முப்பது வரை நாள் இருக்கிறதே, எதற்கு அவசரம்?

அதுவரை ஒன்று செய்து பார். எங்களுக்குப் பயிற்சியில் கொடுத்த புத்தகத்திலிருந்து நாலு தாள் கிழித்து அனுப்பியிருக்கிறேன். "வாடிக்கையாளரைக் கவரப் பத்து வழிகள்." எதிர்க்கடைக்காரர்களும் இதைத்தான் படித்திருப்பார்கள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, வந்தவரிடம் "உங்களுக்குப் புதுக் கண்ணாடி வேண்டாம், இருக்கிறதைக் கழுவிப் போடுங்க" என்று திட்டி அனுப்புகிற கடைக்காரி உலகத்திலேயே நீ ஒருத்திதான் இருப்பாய்.

தம்பி

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் பத்து வழிகளும் வந்து சேர்ந்தன. மாமா உரக்கப் படிக்க, நான் அப்படியே செய்து பார்த்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

முதல் வழி, சிரித்த முகம். தையல்காரம்மா கதவைத் திறந்ததும் சிரித்தேன். "என்னம்மா, பல்லு வலியா?" என்றார். இரண்டாம் வழி, பெயரை அடிக்கடி சொல்வது. மீன்கடைக்காரரிடம் அவர் பெயரை மூன்று தடவை சொன்னேன். "எதுக்கும்மா என் பேரை ஏலம் விடுற?" என்று கேட்டுவிட்டார்.

இதெல்லாம் போகட்டும். சலூன்காரர் புதுக் கண்ணாடிக்கு வந்தார். வழக்கமாக என்ன செய்வோம்? டேப்பை எடுத்துக்கொண்டு அவர் சலூனுக்கே போய், வேலை செய்யும்போது கண்ணுக்கும் கத்தரிக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து, அட்டையில் குறித்து, அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போடுவோம். உன் ஏழாம் வழியோ, "வாடிக்கையாளரைக் காக்க வைக்காதே, முதல் சந்திப்பிலேயே முடி" என்கிறது. வாயாலேயே கேட்டேன். கையை நீட்டிக் காட்டி, "இவ்ளோ இருக்கும்" என்றார். இருபத்திரண்டு அங்குலம். அதற்கே போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன் போடவில்லை. ஒன்பதாம் வழிப்படி, "ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று செய்தி அனுப்பினேன். ஐந்தும் கொடுத்தார். எழுத்து சரியாகத் தெரியவில்லையாம், விரல் பட்ட இடத்தில் அழுத்தினாராம். நான்காம் நாள் ஒருவர் காதில் கத்தரியை வைத்துவிட்டார்.

யார் காது தெரியுமா? ஊரில் இத்தனை காது இருக்க, கோட்டுக்காரர் காது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மருந்தையும் பிளாஸ்திரியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, தோல்தான் கிழிந்திருந்தது. கோட்டுக்காரர் சலூன் கண்ணாடியில் தன் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் டேப்போடு போய் சலூனில் ஒரு மணி நேரம் நின்றேன். கையை நீட்டிக் காட்டுகிற மனிதர், வேலை என்று வந்தால் நாற்காலி மேல் கவிழ்ந்துவிடுகிறார். பதினான்கு அங்குலம்! மாமா உட்கார்ந்து புது லென்ஸ் தேய்த்துக் கொடுத்தார். சலூன்காரர் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முன்னெல்லாம் வந்து அளப்பீங்க. இந்தத் தடவை சிரிச்சீங்க. அளந்ததே நல்லா இருந்துச்சும்மா."

உன் தாள்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? பத்து வருஷம் அந்த டேப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நீ.

அக்கா

*

ஏப்ரல் 15

அக்காவுக்கு,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தது தப்பு. காது வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். டேப்பை நான் இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன் போலிருக்கிறது. போன வாரம் ஒரு அம்மா கூப்பிட்டார். வாஷிங் மெஷின் சமையலறைக்குள் நடந்து போகிறதாம். புத்தகப்படி நான், "ஒன்பது நாளில் எங்கள் ஆள் வருவார்" என்று சொல்லி முடித்திருக்க வேண்டும். வாய் கேட்கவில்லை. "அம்மா, மெஷின் எங்கே நிக்குது? தரை எப்படி இருக்கு? அது மேல ஒரு டம்ளர் தண்ணி வைங்க, தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க" என்றேன். ஒரு கால் குட்டை. அதைத் திருகி நீட்டலாம் என்று சொன்னேன். திருகத் தெரியாமல், தெரிந்து, தப்பாகத் திருகி, மறுபடி திருகி, இருபத்தாறு நிமிஷம். சிவப்பு என்றால் சிவப்பு. மெஷின் நின்றுவிட்டது. அந்த அம்மா, "நல்லா இருப்பா" என்றார். சூப்பர்வைசர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்.

இப்படி எழுதிக்கொண்டே போனால் எழுத வேண்டியதை எழுதாமலே முடித்துவிடுவேன். எழுதிவிடுகிறேன்.

டீச்சரம்மா கண்ணாடிக் காம்பைச் சூடு காட்டி வளைக்கும்போது அவசரத்தில் நான்தான் உடைத்தேன். "கம்பெனியிலேர்ந்தே விரிசலோட வந்திருக்கு டீச்சர்" என்று அவர் முகத்தைப் பார்த்தே புளுகினேன். நீ கண்டுபிடித்து, வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று எல்லார் எதிரிலும் அனுப்பினாய். அதற்குக் கோபித்துக்கொண்டுதான் நான் ஊரைவிட்டுப் போனேன் என்று நீ நினைக்கிறாய். இல்லை. அது நியாயம். டீச்சர் வீட்டுக்குப் போனேன், சொன்னேன், திரும்பி வந்தேன். கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது நீ உள்ளே போனில் பேசுவது கேட்டது. "டீச்சர், அவன் வந்தானா? உண்மையைச் சொன்னானா?"

ஊரில் எல்லாருக்கும் மூன்று நாள் பொறுத்துப் போன் போடுகிற அக்கா, எனக்கு மூன்று மணி நேரம்கூடத் தரவில்லை. அதுதான் வலித்தது. இன்னும் வலிக்கிறது.

தம்பி

*

மே 1

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் பதிலில், அது வழக்கமாக வாடிக்கையாளருக்குப் போடுகிற போன்தான் என்று எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அது மூன்றாம் நாள் இல்லை, அதே நாள் சாயங்காலம். உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் போட்டேன்.

நேற்று டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சொன்னார்: "உன் தம்பி அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நான்தான் உடைச்சேன் டீச்சர்னு முதல்ல சொல்லிட்டான். அப்புறம் என் முகத்தையே பார்த்துட்டு, உங்க இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கு, அதனாலதான் எந்தக் கண்ணாடி போட்டாலும் சரியுதுன்னான். மாத்து பிரேமை அதுக்குத் தகுந்த மாதிரி வளைச்சு, போட்டு, கழட்டி, மறுபடி வளைச்சு... அறுபது வருஷமா ஒருத்தரும் என் காதைப் பார்த்ததில்லைம்மா. இப்போ கண்ணாடியை நான் மூக்குல ஏத்தி விடறதே இல்லை."

"இதை ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லலே?" என்று கேட்டேன்.

"சொல்ல வந்தேனே. நீதான் 'வந்தானா, சொன்னானா'ன்னு கேட்டே. ஆமான்னதும் வெச்சுட்டே."

ஊர் முழுக்க இருக்கிறவர்களின் பதிலை வரி வரியாக அட்டையில் குறித்து வைக்கிறவள், தம்பியைப் பற்றி ஒருத்தர் சொன்ன பதிலைப் பாதியில் வைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தப்பு என்னுடையது.

கடை கொஞ்சம் மூச்சு விடுகிறது. பஸ் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார். எதிர்க்கடைக் கண்ணாடியில் ரோடு தெரிகிறது, எதிரில் இருக்கிற மீட்டர் தெரியவில்லையாம். இலவசமாகக் கொடுத்த இரண்டாவதிலும் அதே கதை. "தெரியாததை ரெண்டு வாட்டி தெரியாம பார்க்கறேம்மா" என்றார். டிப்போவுக்குப் போய் அவர் சீட்டிலேயே உட்கார்ந்து அளந்தேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்டார். இப்போது கடைக் கதவில், "நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து அளப்போம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் அளக்கப் போய்விட்டால் கடையில் மாமாதான். வருகிறவர் பத்து வார்த்தை பேசினால் இவர் "ம்" என்கிறார். அதற்கே சிலருக்கு அவரைப் பிடித்துப் போயிருக்கிறது.

அக்கா

*

மே 13

அக்காவுக்கு,

படித்தேன். விடுதி மொட்டை மாடியில் துணி காய்கிற இடத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். யாரோ ஒருவரின் ஈரத் துண்டு முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அதனால் யாருக்கும் தெரியாது. மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை. நானும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தானே?

இன்னொரு செய்தி. வாஷிங் மெஷின் அம்மா எங்கள் கம்பெனித் தலைமை அலுவலகத்துக்கே கடிதம் எழுதிவிட்டார், இரண்டு பக்கம். எச்சரிக்கை கொடுத்த அதே சூப்பர்வைசர் இப்போது கை குலுக்குகிறார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். தனி மேஜை, காதில் ஒன்றும் மாட்ட வேண்டாம். ஜூன் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடைத் தாள்கள் என் பெட்டியில் துணிக்கு அடியில் இருக்கின்றன. உன் கடிதத்தில் டீச்சரம்மா காது வந்தது, டிரைவர் சீட்டு வந்தது, மாமாவின் "ம்" வந்தது. தேடித் தேடிப் பார்த்தேன், 'வா' என்கிற ஓரெழுத்து மட்டும் வரவில்லை.

தம்பி

*

ஜூன் 1

தம்பிக்கு,

ஏன் எழுதவில்லை என்றால், பயம். கடைக்கு ஆள் தேவைப்படுகிறது, அதனால்தான் கூப்பிடுகிறாள் என்று நீ நினைத்துவிடுவாய் என்று பயம். வாடிக்கையாளர் தலையில் எதையும் கட்டக் கூடாது என்று எனக்கு எப்போதும் ஒரு பிடிவாதம் உண்டு, அது உன் விஷயத்திலும் வந்து நின்றுகொண்டது.

கோட்டுக்காரர் நேற்று வந்தார். கடைசியாக ஒரு முறை கேட்டுவிட்டுப் போக வந்தாராம். தாளை என்னிடம் நீட்டி, தானும் ஒன்றை எடுத்துப் படித்தார். கையை இங்கேயும் அங்கேயும் நகர்த்துகிறார், தலையைப் பின்னால் சாய்க்கிறார், எழுத்து பிடிபடவில்லை. நான் தாளைப் பார்க்கவில்லை, அவர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கழுத்து வலிக்குதா சார்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க திரை எங்கே இருக்கு? மேஜை மேலயா, சுவர்லயா?"

சுவரிலாம், அதுவும் உயரத்தில். ஐந்து மாதமாகத் தலையைத் தூக்கிக் கண்ணாடியின் அடிப்பகுதி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர். அவர் கடையில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லையாம். வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அளக்க வரதா இருந்தா, எங்க கடை மூடின பிறகு பின்வாசல் வழியா வர முடியுமாம்மா?" என்றார். தாளில் கையெழுத்து வாங்க வந்தவர், கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. மெஷின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

போகும்போது, "அப்ப கடை விஷயம்?" என்று கேட்டார். "தர முடியாது சார். என் தம்பி கையெழுத்துப் போட மாட்டான்" என்றேன்.

"அவர்கிட்ட கேட்டுட்டீங்களா?"

"கேட்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும்."

பாதிக் கடை உன்னுடையது. உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டுவதென்றால் திட்டு. பயிற்சி வேலை நல்ல வேலையென்றால் அங்கேயே இரு, நான் சந்தோஷமாகத்தான் இருப்பேன், பொய் சொல்லவில்லை. ஆனால் நீ தேடிப் பார்த்துக் கிடைக்காததை இப்போது எழுதுகிறேன். கடைக்காக இல்லை. மாடி அறையை நான் எட்டு மாதமாக, இல்லை, பதினொரு மாதமாகப் பெருக்கிக்கொண்டே இருக்கிறேன், அதற்காகவும் இல்லை. நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை.

வா.

அக்கா

*

ஜூன் 11

அக்காவுக்கு,

நேற்றுப் பெரிய அதிகாரியைப் பார்த்தேன். பயிற்சியில் நான் முதலில் சொல்லிக்கொடுக்கப் போவது, "மெஷின் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்" என்பதுதான் என்றேன். ரொம்ப நல்லது என்றார். அதற்கு இருபது நிமிஷமாவது ஆகும் என்றேன். "கேளுங்க, தாராளமா கேளுங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள கேளுங்க" என்றார். காதில் மாட்டுவதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கடைத் தாள்களைக் கொண்டுவருகிறேன், பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, மாமா கணக்குப் போட்டுப் பார்க்க உதவும்.

இருபதாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். நேரே டீச்சரம்மா வீட்டுக்குப் போய், பிரேம் இன்னும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருவேன். நீ வேண்டுமானால் அவருக்குப் போன் போட்டுச் சரிபார்த்துக்கொள். வேடிக்கைக்குச் சொன்னேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாம் இருவரும் சேர்ந்தால் முதல் நாள் பேசியே தீர்த்துவிடுவோம். இரண்டாம் நாள் ஏதாவது சொல்லிச் சண்டை போடுவோம். மூன்றாம் நாள், எல்லாருக்கும் போடுகிற மாதிரி, கல்லாவிலிருந்து மாடிக்கு ஒரு போன் போடு. "எப்படி இருக்கு, எங்கேயாவது அழுத்துதா?" என்று கேள். எனக்குப் போன் பிடிக்காதுதான், ஆனாலும் எடுக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன்.

நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும் நீ வைத்துவிடாதே.

தம்பி